ஏழு ஆட்டங்களும் எட்டாவதும்

ராஸ் அல் கைமா,
1998 நவம்பர் 12, வியாழக்கிழமை.

அன்புள்ள யூட்,

இன்று எனக்கு அறுபத்தாறு வயதும் மூன்று மாதங்களும் ஒன்பது நாட்களும் ஆகின்றன. என் வயதுப் பெண்கள் வெட்கத்துக்காக ஒன்றிரண்டைக் குறைப்பார்கள், அல்லது மரியாதைக்காகக் கூட்டுவார்கள். நான் கணிதம் படித்தவள். இரண்டும் எனக்கு ஒத்துவராது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அர்பாப் இறந்துபோன செய்தியை உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீ ஒரு கணமும் யோசிக்காமல், "நல்லது அம்மா, ஒரு சனியன் துலைஞ்சுது" என்றாய். பிறகு என் முழங்கால் வலியைப் பற்றிக் கரிசனையோடு விசாரித்தாய். முதலாளியை இங்கே எல்லோரும் அர்பாப் என்றே அழைப்பதால் அந்த மனிதரின் சொந்தப் பெயர் உனக்கு நினைவிருக்குமோ தெரியவில்லை. பதினேழு ஆண்டுகள் எனக்கு வேலை கொடுத்தவர். உனக்கும் கஃபீலாக, சட்டப்படி பொறுப்பேற்பவராக நின்று விசா எடுத்துத் தந்தவர். அவருடைய சாவுக்கு உன்னிடமிருந்து கிடைத்தது ஐந்து சொற்கள்.

வருகிற இருபத்தோராம் தேதி நீ மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் பறக்கப் போகிறாய். அதற்குள் ஒரு நாள் ஷார்ஜாவிலிருந்து புறப்பட்டு வந்து, அர்பாபின் வீட்டுக்குப் போய், அவருடைய பிள்ளைகளோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, அவர்கள் தரும் காவாவைக் குடித்துவிட்டுப் போ. இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வேண்டுகோளுக்காகத்தான் எழுதப்படுகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ மிச்சத்தை வாசிக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். மூன்று பிரதிகள் தட்டச்சு செய்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று ஆலையில் என்னோடு வேலை செய்த சாகுல் பாய்க்கு, மூன்றாவது ஷார்ஜாவில் நம்மவர்கள் மாதம் ஒருமுறை நகலெடுத்துக் கொடுக்கும் அந்த நான்கு பக்கச் செய்தி மடலுக்கு. இது உன்னை அவமானப்படுத்துவதற்காக அல்ல என்பதும் முடிவில் விளங்கும்.

உன் அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, நாற்பத்தொன்பதாவது வயதில், மலையடிவாரத்தில் இருக்கும் இந்தக் கல்லுடைக்கும் ஆலையின் அலுவலகத்துக்கு நான் வந்தேன். இலங்கைப் பெண் என்றால் வீட்டு வேலைக்கு வந்தவள் என்று விமான நிலையத்து முகப்பிலிருந்து வங்கி முகப்பு வரை எல்லோரும் முடிவு செய்திருந்த காலம் அது. "ஹவுஸ்மெய்ட்?" என்று கேட்பார்கள். "செக்ரட்டரி" என்பேன். நம்பாமல் என் கைகளைப் பார்ப்பார்கள். அர்பாப் மட்டும் என் பட்டச் சான்றிதழை, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கிலத்தை, இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு வீடும் பாதுகாப்பில்லை, தெருவும் பாதுகாப்பில்லை என்று ஆனபோது, உன்னை இங்கே எடுக்க விசா கேட்டேன். "பையன் என்ன செய்வான்?" என்று கேட்டார். உதைபந்தாட்டம் ஆடுவான், வேறொன்றும் தெரியாது என்றேன். சிரித்துவிட்டு ஸ்டோரில் போடச் சொன்னார்.

நீ பந்தை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்பின் பின்னால் இருந்த சரளைக்கல் வெளியில் பட்டாணியர்களோடும் மலையாளிகளோடும் ஆடி, முழங்காலில் தோல் இல்லாமல் வருவாய். பிறகு துபாயில் இருந்த இலங்கையர் அணியில் சேர்ந்தாய். நம் நாட்டுத் தேசிய அணி வளைகுடாவில் இரண்டு ஆட்டங்கள் ஆட வந்தபோது, அதன் பின்வரிசை ஆட்டக்காரர் இருவர் வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். யாரோ உன் பெயரைச் சொன்னார்கள். ஒரு நாடு தன் தற்காப்பை ஒரு கல்லுடைக்கும் ஆலையின் ஸ்டோர் கீப்பரிடம் ஒப்படைத்தது இப்படித்தான். நோயில் படுத்தவனின் சட்டையையே உனக்குத் தந்தார்கள். எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும் என்பதால் முதுகில் வெள்ளைப் பிளாஸ்திரியால் பதினான்கு என்று ஒட்டினார்கள். நான் சாகுல் பாயோடும் அவர் மனைவியோடும் மலிவான பக்கத்தில் இருந்தேன். லீவு கிடைத்த வீட்டுப் பணிப்பெண்களும் சைட்டிலிருந்து வந்த பையன்களும் சிங்களத்திலும் தமிழிலும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்கு முன்பே மூன்று கோல். உன் பிளாஸ்திரி வியர்வையில் கழன்று, நான்கு தொங்கி, நீ ஒன்றாம் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தாய். எனக்குப் பின்னால் நம்மூர்க் குரல் ஒன்று, "டேய் பதினாலு, பந்தை அங்காலை எங்கையாவது துலைச்சுப்போட்டு வாடா, எல்லாரும் வீட்டை போவம்" என்றது. சாகுல் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ள நல்லாத்தான் ஓடுறான் அக்கா, பந்துதான் அவன் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார்.

ஐந்தாவது கோலுக்குப் பிறகு நான் எழுந்து வெளியே போய், வாகனங்கள் நிறுத்துமிடத்தில் நின்றேன். கடைசி நிமிடத்தில் கோல் கோட்டின் மேல் விழுந்து நீ ஒரு பந்தை உதைத்துத் தடுத்தாயாம். அரங்கமே எழுந்து நின்றதாம். அன்றிரவு நீ "அம்மா, அந்தக் கடைசிப் பந்தைப் பாத்தனீங்களே?" என்று கேட்டாய். பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. இது நான் கடைசியில் சொல்வதாகச் சொன்ன விஷயம் அல்ல. ஆனாலும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் ஆறு ஆட்டங்கள். ஏழில் ஆறு தோல்வி, ஒன்று சமநிலை. ஆட்டம் முடிந்ததும் சட்டையைத் துவைக்கக் கொடுத்துவிட்டு வந்தாய். அடுத்த முறை அது இன்னொருவன் முதுகில் இருந்தது. வீட்டுக்கு நீ கொண்டுவந்தது காத்மாண்டுவில் எனக்காக வாங்கிய ஒரு பழுப்புத் தோல் கைப்பை மட்டும். "மேட்ச் எப்பிடி?" என்று கேட்டேன். "பையைப் பாருங்கோ, தையலெல்லாம் கையாலை" என்றாய். அத்தனை பயணத்துக்கும் அர்பாப் லீவு தந்தார். இந்த நாட்டில் தொழிலாளியின் கடவுச்சீட்டு முதலாளியின் இரும்பு அலுமாரியில் தூங்கும். அவர் எடுத்துத் தந்தால் மட்டுமே நீ விமானம் ஏறலாம். ஒவ்வொரு முறையும் தாமே திறந்து எடுத்துத் தந்தார். அவரிடம் ஓர் ஒட்டகம் இருந்தது, உனக்கு நினைவிருக்கும். குளிர்காலம் தோறும் அதைப் பந்தயத்துக்குக் கூட்டிப் போவார்; அது தவறாமல் கடைசியாக வரும். திரும்பி வந்ததும் அதற்குத் தன் கையாலேயே பேரீச்சம்பழம் ஊட்டுவார். படித்தவள் அல்லவா, அதைப் பார்த்து உள்ளுக்குள் நகைத்துக்கொள்வேன்.

பிறகு அந்தத் தொலைநகல் வந்தது. ஆலையில் இருந்த ஒரே தொலைநகல் இயந்திரம் என் மேசையில் இருந்தது. ஆகவே உன்னைவிட முன்பு நான் வாசித்தேன். கொழும்பில் இரண்டு மாதப் பயிற்சி, அதன் பின் சுற்றுப்போட்டி, நீ அணித்தலைவர். நீ ஸ்டோரிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடிவந்து அந்தத் தாளை வாங்கி, நின்ற இடத்திலேயே மூன்று முறை வாசித்தாய். தோற்கிற அணிக்கும் தலைவன் உண்டு என்பதும் அதற்கு ஒருவனுடைய கண்ணில் நீர் வரும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதே வாரத்தில், அதற்கு முந்திய நாள்தான், என் தங்கையின் மகன் ரெஜியைக் கொழும்பில், லொட்ஜில் வைத்துச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, இருபத்திரண்டு வயது. வேறு குற்றம் தேவைப்படாத நாட்கள். "நான் நஷனல் ரீம் அம்மா, எனக்கு அவங்கள் கடிதம் தருவாங்கள்" என்றாய் நீ. நான்கு நாட்கள் கழித்து, அர்பாப் மறுத்துவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன்.

மறுநாள் காலை நீ முற்றத்தில் அவருடைய வண்டியை மறித்தாய். நான் அலுவலக ஜன்னலில் நின்றேன். லாரிக்காரர்களும் கிரஷர்காரர்களும் கூடிவிட்டார்கள். "அர்பாப், தும் மேரா லைஃப் கலாஸ் கியா" என்று, என் வாழ்க்கையையே முடித்துவிட்டாய் என்று கத்தினாய். அவர் வண்டியிலிருந்து இறங்கினார். உன்னைப் பார்க்கவில்லை, உன் தலைக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாஃபி லீவ். கலாஸ். யல்லா, வேலைக்குப் போ" என்று, லீவு இல்லை என்பதைத் தன் அரபி கலந்த ஹிந்தியில் சொன்னார். நீ அவருடைய தாயை இழுத்து ஒரு வார்த்தை சொன்னாய். அந்த வார்த்தைக்கு இந்த நாட்டில் அன்று மாலையே விசாவை ரத்துச் செய்து அனுப்பியிருக்கலாம். அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அவர் ஏன் அனுப்பவில்லை என்று நீ ஒரு நாளும் யோசித்ததில்லை. கிரஷரில் நின்ற பட்டாணி ஒருவன், "கேப்டன் சாப், பேல்ச்சாவை எடு" என்று மண்வாரியைக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆலையில் உன் பெயர் கேப்டன். தேநீர் ஊற்ற வேண்டுமென்றாலும் கேப்டன், மூட்டை தூக்க வேண்டுமென்றாலும் கேப்டன்.

அன்று மாலை என் அறைக்கு வந்தாய். சாகுல் பாய் கதவோரம் நின்றார். "வுடு தம்பி. அரபி மனசு பாலைவனம் மாதிரி, காத்தடிச்சா மேடு பள்ளமாயிரும். அவங்கள நம்பி நாம ஆச வைக்கப்படாது" என்றார். கீழக்கரையிலிருந்து வந்து இருபது ஆண்டுகள் அதே அர்பாபின் உப்பைத் தின்றவர், ஒரு கேள்வி கேட்காமல் அதை நம்பினார். எல்லோரும் நம்பினார்கள். வளைகுடாவில் ஒருவனுக்கு எது கிடைக்காவிட்டாலும் கஃபீல் தரவில்லை என்றால் போதும், சாட்சி கேட்பாரில்லை. ஊருக்குப் போகப் பிடிக்காதவனும் கஃபீல் லீவு தரவில்லை என்றுதான் மனைவிக்கு எழுதுகிறான். நீ என் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் முழங்காலில் தலையை வைத்து, இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, சத்தம் போட்டு அழுதாய். "ஏனம்மா அவன் தரேல்லை? நான் அவனுக்கு என்ன செய்தனான்?" என்றாய். "அரபியள் அப்பிடித்தான் மோனை, நாங்கள் என்ன செய்யிறது" என்றேன்.

அதன் பின் அணி உன்னை அழைக்கவில்லை. வராதவனை இரண்டாம் முறை யார் அழைப்பார்கள்? நீ ஆலையை விட்டு ஷார்ஜா தொழிற்பேட்டைக்குப் போய், வாகன உதிரிப்பாகக் கடையில் சேர்ந்து, கல்யாணம் செய்து, தொப்பை வைத்தாய். விருந்தாளி யார் வந்தாலும் கதை தொடங்கும்: "அந்த அரபி மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால்..." வருடத்துக்கு வருடம் அர்பாபுக்கு ஒரு பல் கூடுதலாக முளைத்தது. முதலில் மறுத்தார். பிறகு தொலைநகலைக் கிழித்தார். சென்ற ஈஸ்டருக்கு அதை உன் முகத்தில் வீசியெறிந்தார். நான் அடுப்படியில் நின்று கோழியைக் கிளறிக்கொண்டு எல்லாப் பதிப்பையும் கேட்டேன். கனடாவுக்குப் போகிறவனுக்கு அறிவுரை சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். அந்தக் கதையை உன் மகளுக்குச் சொல்லாதே. பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பேன் என்றும் சொல்லாதே. நீ நேர்மையான வலப்பின் ஆட்டக்காரன். உன் இடக்கால் சுமார். ஏழு ஆட்டம் ஆடினேன், ஒன்றில்கூட வெல்லவில்லை, எட்டாவதையும் ஆட ஆசைப்பட்டேன் என்று சொல். அது உண்மை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அவள் நாளைக்கு ஏதாவது ஒன்றில் தோற்கப் போகிறேன் என்று வந்து நின்றால், வழியை விட்டு விலகி நில். அவளுடைய நன்மை உனக்குத் தெரியும் என்று நினைக்கிற நேரத்தில்தான் நீ அபாயமானவன்.

திங்கட்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். பெண்கள் பகுதியில் அர்பாபின் மனைவி என் கையைப் பிடித்தபடி வைத்திருந்தார். அவர் பேசிய அரபியில் பாதி எனக்கு விளங்கவில்லை. வெளியே வரும்போது மூத்தவன் ராஷித் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தான். "மேடம், கேப்டன் வரவில்லையா? அப்பா ஆஸ்பத்திரியிலும் கேட்டார், கேப்டன் இப்போது எங்கே ஆடுகிறான் என்று" என்றான் ஆங்கிலத்தில். கடையில் வேலை அதிகம் என்றேன். உன் பெயரில் இன்னொரு பொய். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே தீர்மானித்தேன், இதுதான் கடைசி என்று.

யூட், அர்பாப் மறுக்கவில்லை. தொலைநகல் வந்த அன்று மாலையே அலுவலகத்துக்கு வந்து, அலுமாரியைத் திறந்து, உன் கடவுச்சீட்டை என் மேசையில் வைத்தார். "கேப்டன், ஹைன்? நல்லது. என் ஒட்டகமும் கடைசிதான் மேடம், ஆனால் வருஷா வருஷம் போகிறது" என்றார். நான் அவனை அனுப்பப் போவதில்லை, நீங்கள் மறுத்ததாகச் சொல்லப் போகிறேன் என்றேன். "நான் பேப்பர் கஃபீல் மட்டும். நீ தாய்" என்றார். பிறகு, "சரி. அர்பாப் மாஃபி என்று சொல். என்னைத் திட்டட்டும், உன்னைத் திட்ட வேண்டாம்" என்றார். கொழும்புக்கு அனுப்பிய மறுப்புக் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. அதில் அவர் கையெழுத்தும் இல்லை. அவருக்காக என்று போட்டு நானே ஒப்பமிட்டேன். நீ முற்றத்தில் அவர் தாயைத் திட்டியபோது அவர் ஜன்னலைப் பார்த்தது என்னைக் காட்டிக்கொடுக்கவா வேண்டாமா என்று கேட்பதற்கு. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் வாக்கைக் காப்பாற்றினார். அதைக் கல்லறைக்கும் கொண்டுபோய்விட்டார். பொய் எத்தனை பேரிடம் போனதோ, உண்மையும் அத்தனை பேரிடம் போக வேண்டும் என்பதால்தான் மூன்று பிரதிகள்.

இந்த இடத்தில் நீ எனக்காக ஒரு நியாயம் தேடத் தொடங்கியிருப்பாய். ரெஜியைப் பிடித்திருந்தார்கள், அம்மா பயந்துபோனாள், எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள் என்று. அந்தக் கதவையும் நானே அடைத்துவிடுகிறேன். ரெஜியை விட்டுவிட்டார்கள் என்று தங்கை அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தது உன் விமானத்துக்கு மூன்று நாள் முன்பு. மூன்று நாள் போதும். டிக்கெட்டும் அதுவரை ரத்தாகவில்லை. பயம் தீர்ந்த பிறகும் நான் எழுந்து வந்து உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. தோற்கப் போகிற ஓர் அணிக்காக என் மகன் இரண்டு மாதம் வெயிலில் ஓடுவது என் கணிதத்துக்கு ஒத்துவரவில்லை. அரங்கத்தில் பின்னாலிருந்து கேட்ட அந்தக் குரலை மறுபடி கேட்க நான் தயாராக இல்லை. உன் உயிருக்காகத் தொடங்கியதை என் கௌரவத்துக்காக முடித்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குப் போ என்று மட்டும் கேட்கிறேன். போய் ராஷித்திடம், கேப்டன் வந்திருக்கிறேன் என்று சொல்.

போகும் வழியில் என்னைப் பார்க்க வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால், அந்தக் காத்மாண்டுக் கைப்பை கட்டிலுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. கையால் போட்ட தையல் இன்னும் விடவில்லை. அர்பாப் மேசையில் வைத்த அன்றே உன் கடவுச்சீட்டை அதற்குள் போட்டுப் பூட்டினேன். உன் விமானம் போன மறுநாள்தான் வெளியே எடுத்தேன். நீ என் முழங்காலில் தலையை வைத்து, ஏனம்மா அவன் தரேல்லை என்று அழுத அந்த மாலை, என் மடியில் அந்தப் பை இருந்தது. உன் நெற்றி அதில் பட்டுக்கொண்டிருந்தது.